தொடக்கக் கோட்டில் அணைந்த கணினி

லோஜனாவின் கணினி முதல் தடவை தானாக அணைந்தபோது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளிர்காலத்துக் காலைகளில் பஸ்ஸும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆவதில்லை. மறுபடி பட்டனை அழுத்தினாள். கணினி ஒன்றுமே நடக்காததுபோல எழும்பியது. அடுத்த மூன்று கிழமைகளில் அது பதினேழு தடவை அவளை நடுவழியில் இறக்கிவிட்டது.

லோஜனாவுக்கு முப்பத்தொன்பது வயது. தெற்கு ஆக்லாந்தில் பஸ் ஓட்டுகிறாள். காலை ஐந்து மணிக்கு டிப்போவில் நின்றால், பிற்பகல் இரண்டு மணிக்கு மனுரேவாவில் இருக்கும் வீட்டுக்கு வந்துவிடுவாள். கணவன் யசீகரன் எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறான். ரயிலைப் பிடித்து அவன் வீடு வந்து சேர ஆறு மணியாகும். இடையில் உள்ள நான்கு மணி நேரம் முழுவதும் அவளுடையது. அந்த நேரத்தில் அவள் கார் பந்தயம் ஓட்டுவாள், கணினியில். மேசை விளிம்பில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பூட்டி, காலடியில் மூன்று பெடல்களை வைத்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மணிக்கூடு அவளுக்குத் தெரியாது.

“பகல் முழுக்க ஓடிப்போட்டு வந்து, பிறகும் ஓடுறீரே?” என்று யசீகரன் தொடக்கத்தில் கேட்டான்.

“அது வேற, இது வேறயப்பா. பஸ்ஸிலை நிக்கிற சனத்தின்ரை கோப்பி சிந்தக் கூடாது. இதிலை சிந்தினால் பரவாயில்லை.”

இரண்டு வருடங்களுக்கு முன் மனுகாவில் நடந்த தமிழர் விளையாட்டு விழாவில்தான் இது தொடங்கியது. எல்லர்ஸ்லியில் மென்பொருள் வேலை செய்யும் சந்தீப் என்கிற சென்னைக்காரன் ஒரு கூடாரத்தில் ஸ்டியரிங்கும் பெடலும் கொண்டுவந்து வைத்திருந்தான். வாலிபர்கள் வரிசையில் நின்று ஓட்டினார்கள். வேகமான சுற்றுக்கான நேரங்களை அவன் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தான். வரிசை ஓய்ந்த நேரத்தில் லோஜனா போய், “ஒருக்கா நானும் பாக்கலாமோ?” என்று கேட்டாள். மூன்றாவது சுற்றில் பலகையில் இருந்த எல்லாரையும்விட இரண்டு விநாடி வேகமாக வந்தாள்.

“அக்கா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?” என்றான் சந்தீப்.

“பஸ் ஓட்டுறன்.”

அவன் சிரிக்கவில்லை. போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இப்போது அவர்கள் மூவர் ஓர் அணி. சந்தீப் தலைவன். மூன்றாவது ஆள் ரவிசங்கர், வெலிங்டனில் இருக்கும் மலேசியத் தமிழன். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளவர்கள் இணையத்தில் கூடி ஓட்டும் ஒரு லீக்கில் அவர்கள் ஓடினார்கள். பருவத்தின் கடைசிப் பந்தயம் ஆறு மணி நேரம் நீளும். ஒரே காரை மூவரும் முறை வைத்து ஓட்ட வேண்டும். ஒருவரின் கணினி நடுவில் படுத்தால் கார் பாதையிலேயே நின்றுவிடும். மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தப் பந்தயத்துக்கு ஐந்து கிழமைகள் இருந்தபோதுதான் லோஜனாவின் கணினி மக்கர் பண்ணத் தொடங்கியது.

அவள் அதை வாங்கிய கடைக்கே தூக்கிக்கொண்டு போனாள். கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்து, எட்டு மணி நேரம் முழுப் பாரத்தில் ஓட விட்டுப் பார்த்து, ஒரு பழுதும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். உங்கள் வீட்டு மின்சாரத்தில்தான் ஏதோ கோளாறு என்றார். சந்தீப் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியைச் சந்தேகப்பட்டான். “கிராபிக்ஸ் கார்டு திடீர்னு நிறைய பவர் இழுக்கும் அக்கா. சப்ளை தாங்கலைன்னா மொத்தமா ஆஃப் ஆயிடும்” என்று சொல்லித் தன்னிடம் இருந்த உபரிப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். அடுத்த நாளே கணினி மறுபடி படுத்தது.

டிப்போவில் பஸ் பழுதானால் ஓட்டுநர் ஒரு தாள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். ‘வண்டி நின்றுபோகிறது’ என்று மட்டும் எழுதினால் மெக்கானிக்குகள் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எத்தனை மணிக்கு, மேட்டிலா இறக்கத்திலா, எஞ்சின் சூடாகவா குளிராகவா, எல்லாம் வேண்டும். லோஜனா அதே பழக்கத்தில் ஒரு கொப்பியில் எழுதி வந்தாள். பதினேழையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படித்துப் பார்த்தபோது அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. எல்லாரும் ஒரு பழுது, ஒரு பழுது என்கிறார்களே, இது ஒன்றல்ல.

ஒன்பது தடவை படம் உறைந்து, சத்தம் ஒரே இடத்தில் சிக்கி இரைந்து, நீலத் திரை வந்து, கணினி தானாகவே மறுபடி எழும்பியிருந்தது. எட்டுத் தடவை அப்படியில்லை. முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், வீட்டில் கரண்ட் போனதுபோல, திரையும் விசிறியும் ஒரே நேரத்தில் நின்றிருந்தன. தானாக எழும்பவும் இல்லை.

அவள் புதிய பக்கத்தில் நடுவே ஒரு கோடு கிழித்தாள். இடப்பக்கம் ‘உறைதல்’, வலப்பக்கம் ‘இருட்டு’. முதலில் இடப்பக்கத்தை எடுத்துக்கொண்டாள். நினைவகத்தைச் சோதிக்கும் ஒரு நிரலை இணையத்திலிருந்து இறக்கி ஓட விட்டாள். அரை மணி நேரத்தில் திரை முழுவதும் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள். கணினிக்குள் நினைவகத் தகடுகள் இரண்டு இருந்தன. ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதைச் சோதித்தாள், சுத்தமாக வந்தது. இதைக் கழற்றி அதை மாட்டினாள், மறுபடி சிவப்பு. அந்தத் திரையைப் படம் எடுத்துக் கொண்டுபோய்க் கடையில் காட்டியதும் கடைக்காரர் புதிய தகடு கொடுத்தார்.

அதற்குப் பிறகு எட்டு நாள் கணினி ஒரு தடவைகூட நிற்கவில்லை. உறைதலும் இல்லை, இருட்டும் இல்லை. சந்தீப் அணியின் செய்திக் குழுவில் கைதட்டும் படம் போட்டான். ‘அப்ப ரெண்டும் ஒண்டுதான் போல’ என்று லோஜனாவே நம்பத் தொடங்கினாள். அறையின் நடுவில் திறந்தபடி நின்ற கணினிப் பெட்டியில் யசீகரன் இரண்டு தடவை கால்விரலை இடித்துக்கொண்ட பிறகு, அவள் அதை மூடிப் பழைய இடத்துக்குத் தள்ளிவைத்தாள்.

பெரிய பந்தயத்துக்கு முந்தைய புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒத்திகைப் பந்தயம். முப்பது கார்கள் தொடக்கக் கோட்டில் வரிசை கட்டி நின்றன. அணிக்காக லோஜனா தொடங்க வேண்டும். சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மூன்றாவது விளக்கு எரிந்தபோது எல்லாம் இருட்டானது. கணினி மறுபடி எழும்பி, அவள் உள்ளே போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் இரண்டு சுற்று ஓடி முடித்திருந்தார்கள். அவளுடைய கார் இன்னும் கோட்டிலேயே நின்றது. அதன் பின்புறத்தில் வேறொரு கார் மோதி நொறுக்கியிருந்தது.

எட்டரை மணிக்குச் சந்தீப் அழைத்தான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நானும் ரவியும் பேசினோம். ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் மூணு மூணு மணி நேரம் எடுத்துக்கறோம். நீங்க ரிசர்வ்ல இருங்க.”

“ஓம்.”

“உங்க டிரைவிங் பத்தி இல்லக்கா. உங்களுக்கே தெரியும். சிஸ்டத்தை நம்ப முடியலை.”

“விளங்குது சந்தீப். நானெண்டாலும் இதைத்தான் செய்வன்.”

அவள் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். அழுதாளா என்று யசீகரன் கேட்கவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

“வேற ஒண்டு வாங்குவமே?” என்றான்.

“பழுது எங்கையெண்டு தெரியாமல் வேற ஒண்டை வாங்கி, அதுவும் நிண்டால்? எட்டு வருசமா பஸ் ஓட்டுறன். என்ரை பஸ் வரேல்லையெண்டு ஒருதரும் ஸ்டொப்பிலை நிண்டதில்லை. இண்டைக்கு முப்பது பேருக்கு முன்னாலை நிண்டுபோனன்.”

அவளுக்கு வந்தது அழுகையைவிடக் கோபம்தான். எவர் மீது என்றுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும் கொப்பியின் வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருட்டு இப்போது ஒன்பது. எதிரே ஒவ்வொன்றும் நடந்த இடத்தைப் பெரிய எழுத்தில் எழுதினாள். தொடக்கக் கோட்டில் ஐந்து தடவை. டயர் மாற்றவும் எண்ணெய் நிரப்பவும் நிறுத்தும் இடத்தில் மூன்று தடவை. ஒரு தடவை மட்டும் பாதையில். அதுவும் முன்னால் இரண்டு கார்கள் மோதிக் கிடந்ததால் அவள் காத்து நின்றபோது.

தொடக்கக் கோட்டில் எல்லாக் கார்களும் ஒரே திரையில் தெரியும். கணினிக்கு அதைவிடப் பெரிய பாரம் கிடையாது. அதனால்தான் சந்தீப் பவர் சப்ளை என்றான். கடைக்காரரும் அதே எண்ணத்தில்தான் பாரம் ஏற்றிப் பார்த்தார். ஆனால் எண்ணெய் நிரப்பும் இடத்தில் அவளுடைய கார் தனியாகத்தானே நின்றது? லோஜனா ஒரு பழைய பந்தயத்தின் பதிவைப் போட்டு, தொடக்கக் கோட்டில் முப்பது கார்கள் நிற்கிற இடத்தில் நிறுத்தினாள். ஸ்டியரிங்கைத் தொடாமல் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். பத்து நிமிடம் போனது. இருபது நிமிடம் போனது. விசிறிகள் இரைந்தன. கணினி அணையவில்லை.

ஆக, கார்களின் எண்ணிக்கை அல்ல. ‘நிக்கேக்கைதான் போகுது’ என்று கொப்பியில் எழுதி அடியில் இரண்டு கோடு கிழித்தாள். ஓடும்போது போவதில்லை, நிற்கும்போது போகிறது. எந்த இயந்திரமாவது அப்படிச் செய்யுமா? அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிபோல அவளுடைய பஸ் மனுகாவ் பஸ் நிலையத்தில் நின்றது. கதவைத் திறந்தாள். நடக்க உதவும் சக்கரச் சட்டத்தோடு ஒரு சமோவாப் பெண்மணி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார். முதல் காலை வைத்தார், நிமிர்ந்து மூச்சு வாங்கினார், மற்றக் காலைத் தேடினார். லோஜனா கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. இருந்தாலும் அவளுடைய வலது கால் பிரேக்கைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டிருந்தது. தொடையே கல்லாக இறுகியிருந்தது. ஆள் இறங்கும்போது பஸ் ஒரு அங்குலம்கூட அசையக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை அவளுடைய கால் எட்டு வருடமாக மறக்கவில்லை.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

பந்தயக் கார் நிற்கும்போதும் அவள் இதைத்தான் செய்கிறாள். சந்தீப் ஒரு தடவை அவளுடைய ஓட்டத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறான்: “நிக்கற வண்டிக்கு எதுக்குக்கா இவ்வளவு பிரேக்?” அவள் பழக்கதோஷம் என்று சிரித்து அதை விட்டுவிட்டாள்.

“நன்றி டிரைவர்” என்று அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் சொன்னார். லோஜனாவும் அவருக்கு நன்றி சொன்னாள். எதற்கு என்று அவருக்கு விளங்கியிருக்காது. அன்று மீதி நான்கு ஓட்டத்தையும் அவள் எப்படி ஓட்டி முடித்தாள் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கு நினைவில்லை.

இரண்டேகாலுக்கு வீட்டுக்கு வந்தவள் சீருடையைக்கூட மாற்றவில்லை. கணினியைப் போட்டாள். விளையாட்டைத் திறக்கவில்லை. வெறும் திரை, அதில் ஒரு கடற்கரைப் படம். கதிரையில் உட்கார்ந்து பிரேக்கை அடி வரை மிதித்தாள். வாய்விட்டு எண்ணினாள்.

“ஒண்டு. ரெண்டு. மூண்டு. நாலு. அஞ்சு.”

இருட்டு.

விசிறியும் நின்றது. பிறகு சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். எழுப்பினாள், மிதித்தாள், அணைந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே. ஐந்து கிழமைகளாகத் தான் நினைத்த நேரத்தில் நின்ற கணினி இப்போது அவள் சொன்ன நேரத்தில் நின்றது.

கணினி தனக்குள் நடப்பதையெல்லாம் ஒரு பதிவில் எழுதி வைக்கும். அதை அவள் முன்பே படித்திருந்தாள். இருட்டான ஒவ்வொரு தடவையும் அங்கே ‘பவர் பட்டன் அழுத்தப்பட்டது’ என்பதுபோல் ஒரு குறிப்பு இருந்தது. மறுபடி எழுப்புவதற்காகத் தான்தானே பட்டனை அழுத்தினேன், அதைத்தான் சொல்கிறது என்று தாண்டிப் போயிருந்தாள். இப்போது நேரத்தை ஒப்பிட்டாள். குறிப்பில் இருந்தது அணைவதற்கு முந்தைய நேரம்.

பவர் பட்டனை நான்கு விநாடிக்குமேல் தொடர்ந்து அழுத்தினால் எந்தக் கணினியும் கேள்வி கேட்காமல் அணையும். சும்மா தட்டினால் ஒன்றும் செய்யாதே என்று அவளே அமைத்திருந்தாள், பெட்டியைத் துடைக்கும்போது கை பட்டனில் படுகிறது என்று. ஆகவே வளைவுகளில் ஒரு விநாடி, இரண்டு விநாடி பிரேக் பிடித்தபோதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. நின்று, நான்கு விநாடிக்குமேல் மிதித்தபோது மட்டும் நடந்தது. கணினி சாகவில்லை. யாரோ அதை அணையச் சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோ அவளுடைய கால். காலுக்கும் பட்டனுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் மிச்சம்.

யசீகரன் ஆறு மணிக்குக் கதவைத் திறந்தபோது லோஜனா தரையில் ஒருக்களித்துப் படுத்து, மேசைக்கும் சுவருக்கும் இடையில் டோர்ச் அடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா, விழுந்துபோட்டீரே?”

“இல்லை. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்து கதிரையிலை இருங்கோ. நான் சொல்லேக்கை நடுப் பெடலை மிதியுங்கோ.”

“தேத்தண்ணி குடிச்சிட்டு...”

“முதல்லை மிதியுங்கோ.”

அவன் கழுத்துப்பட்டியோடு உட்கார்ந்து மிதித்தான்.

“இன்னும் பலமா. பஸ் நிக்க வேண்டாமோ?”

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். டோர்ச் வெளிச்சத்தில் லோஜனா பார்த்தாள். பெடல்கள் வழுக்கிப் போகாமல் இருக்க, அவற்றை மேசையின் குறுக்குச் சட்டத்தில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். பிரேக்கை அழுத்தியதும் பெடல் சட்டத்தைத் தள்ளியது. சட்டம் மேசையைத் தள்ளியது. மேசையின் பின்கால் ஒரு விரல் அகலம் நகர்ந்து, சுவரோரம் நின்ற கணினிப் பெட்டியின் தகரப் பக்கத்தில் போய் அழுத்தியது. தகரம் உள்ளே மெல்லக் குழிந்தது. கணினி அணைந்தது.

“ஐயோ, நான் பழுதாக்கிப்போட்டன்” என்று யசீகரன் காலைத் தூக்கினான்.

“இல்லையப்பா. நீங்கள்தான் பிடிச்சுத் தந்தனீங்கள்.”

பெட்டியை வெளியே இழுத்துத் தகரத்தைக் கழற்றினார்கள். அது குழிந்த இடத்துக்கு நேரே உள்ளே இரண்டு மெல்லிய கம்பிகள் ஓடின. முன்பக்கத்துப் பவர் பட்டனிலிருந்து வருபவை. பாகங்களைப் பெட்டியில் பூட்டிய எவரோ அவற்றைக் கூரான இரும்பு விளிம்பின்மேல் கிடக்க விட்டிருந்தார்கள். ஒரு கம்பியின் தோல் உரிந்து, அரிசி நீளத்துக்குச் செம்பு மின்னியது. தகரம் அழுத்தும்போது அந்தச் செம்பு இரும்பைத் தொடும். பட்டனை அழுத்துவதும் அதுவும் கணினிக்கு ஒன்றுதான். கடைக்காரரின் மேசையில் பெடலும் இல்லை, பஸ் ஓட்டும் பெண்ணும் இல்லை. எட்டு மணி நேரமல்ல, எட்டு மாதம் ஓடினாலும் அங்கே அது அணைந்திருக்காது. நினைவகத் தகடு மாற்றிய பிறகு எட்டு நாள் நன்றாக ஓடியதற்கும் காரணம் இப்போது தெரிந்தது. அந்த நாட்களில் பெட்டி அறையின் நடுவில் நின்றது.

“உதுக்காகவோ இவ்வளவு பாடு?” என்றான் யசீகரன், அந்தக் கம்பியைக் கிட்டப் பார்த்து.

லோஜனா செம்பின்மேல் கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினாள். கம்பிகளை விளிம்பிலிருந்து விலக்கிக் கட்டினாள். பிறகு பெட்டியை மூடி, மேசைக்கும் சுவருக்கும் நடுவில் அதே பழைய இடத்துக்குத் தள்ளினாள்.

“ஏன் திரும்பவும் அங்கை வைக்கிறீர்?”

“தள்ளி வைச்சால் கம்பியாலை சரி வந்ததோ, இடத்தாலை சரி வந்ததோ எண்டு தெரியாது. இப்ப மிதியுங்கோ.”

யசீகரன் மிதித்தான். அவள் நூறு வரை எண்ணினாள். கடற்கரைப் படம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் பெட்டியைச் சுவரோடு இல்லாமல் அறையின் மற்ற மூலைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். யசீகரனுக்குத் தேநீர் கிடைத்தபோது ஏழேகால்.

சனிக்கிழமை காலை அவள் சந்தீப்பை வீடியோவில் அழைத்தாள். கம்பியின் படத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள்.

“நான் பவர் சப்ளைன்னு சத்தியமே பண்ணியிருப்பேன் அக்கா” என்றான் அவன்.

“நீர் சொன்னது பிழையில்லை சந்தீப். எல்லாரும் ஓடுற காரைப் பாத்தினம். நானும் அப்பிடித்தான்.”

“ஆமா. ஆனா நாளைக்கு...” அவன் தயங்கினான். “ஒரு வார்த்தையில நம்பிட முடியாதுக்கா. ரவிக்கும் நான் பதில் சொல்லணும்.”

“அதுக்குத்தான் எடுத்தனான். நீர் பாத்துக்கொண்டிரும்.”

அவள் இரண்டு மணி நேரம் ஓட்டினாள். ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவை காரைக் கொண்டுவந்து நிறுத்தி, பிரேக்கைத் தரையோடு மிதித்து, ஒரு நிமிடம் வைத்திருந்தாள். இருபது தடவை. வலது கால் நடுங்கியது. கணினி நடுங்கவில்லை. பதினைந்தாவது தடவையில் சந்தீப், “போதும்க்கா, கால் போயிடப் போகுது” என்றான். அவள் இருபதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

“கடைசி ரெண்டு மணி நேரம் உங்களோடது” என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குப் பந்தயம் தொடங்கியது. முப்பது அணிகளில் அவர்கள் பதினொன்றாம் இடத்திலிருந்து புறப்பட்டார்கள். சந்தீப் தன் முறையில் ஏழாம் இடத்துக்கு ஏறினான். ரவிசங்கர் பிழையே விடாமல் ஓட்டி நான்காம் இடத்தில் வைத்துக் கொடுத்தான். மாலை நான்கு மணிக்கு லோஜனா காரை எடுத்தாள். முதலில் ஓடியவர் நாற்பது விநாடி முன்னால் இருந்தார்.

அரை மணி நேரத்தில் மூன்றாம் இடத்துக்கு வந்தாள். ஐந்து மணிக்குக் கடைசித் தடவையாக எண்ணெய்க்கும் டயருக்கும் நிறுத்த வேண்டும். அவள் பாதையிலிருந்து விலகி உள்ளே வந்து, கோட்டில் காரை நிறுத்தினாள். கால் தானாகப் பிரேக்கை இறுக மிதித்தது. ஹெட்செட்டில் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அறை வாசலில் நின்ற யசீகரன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

நான்கு விநாடி போனது. ஐந்து. எட்டு. எண்ணெய் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு. பதினான்காவது விநாடியில் பச்சை விளக்கு எரிந்தது.

“போங்கக்கா” என்றான் சந்தீப்.

அவள் பாதைக்குத் திரும்பிய மூன்றாவது சுற்றில் விளையாட்டுக்குள் மழை தொடங்கியது. முன்னால் ஓடிய இருவரும் மழை டயர் போட உள்ளே திரும்பினார்கள். லோஜனா முதல் வளைவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தாள். இந்த அளவு மழையில் அவள் வருடத்தில் பாதி நாள் பஸ் ஓட்டுகிறாள்.

“நான் உள்ளுக்கு வரேல்லை” என்றாள்.

“அக்கா, வழுக்கும் லா” என்றான் ரவிசங்கர்.

“வழுக்கும். மெதுவா மிதிச்சால் நிக்கும்.”

ஒருவரின் கோப்பியும் சிந்தாத மாதிரி அவள் ஓட்டினாள். ஸ்டியரிங்கைச் சட்டென்று வெட்டவில்லை, பிரேக்கைக் குத்தவில்லை. முதலாம் இடத்தில் இருந்தாள். பின்னால் புதிய டயரோடு ஒருவர் சுற்றுக்கு இரண்டு விநாடி வீதம் நெருங்கிக்கொண்டு வந்தார். இருபது விநாடி இடைவெளி பன்னிரண்டானது, ஏழானது. கால் மணி நேரம் இருக்கும்போது மழை நின்றது. பாதை மெல்லக் காய்ந்தது. நெருங்கி வந்தவரின் மழை டயர் சூடேறித் தேயத் தொடங்கியது. கடைசிச் சுற்றில் அவருடைய விளக்குகள் லோஜனாவின் கண்ணாடி முழுவதும் நிறைந்திருந்தன. கடைசி வளைவில் அவர் உட்பக்கமாக மூக்கை நுழைத்தார். லோஜனா அரை விநாடி பிந்திப் பிரேக் பிடித்து, வெளிப்பக்கம் நின்று, முதலில் ஆக்சிலரேட்டரை அழுத்தினாள்.

கோட்டை அவள் தாண்டியபோது இடைவெளி ஒரு விநாடியில் பத்தில் நான்கு பங்கு.

ஹெட்செட்டில் சந்தீப் என்ன கத்தினான் என்று அவளுக்கு விளங்கவில்லை. ரவிசங்கர் சிரித்துக்கொண்டே இருந்தான். நேரலையில் பேசிய ஆஸ்திரேலிய வர்ணனையாளர் அவளுடைய பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, மூன்றாவது தடவை சரியாகச் சொன்னார். லோஜனா காரைச் சுற்றி ஓட்டி வந்து, வெற்றி பெற்றவருக்கான இடத்தில் நிறுத்தினாள்.

“அக்கா” என்றான் சந்தீப், கத்தி ஓய்ந்ததும். “அடுத்த சீசனுக்கு நீங்கதான் கேப்டன். இதை நான் சும்மா சொல்லலை.”

“முதல்லை நான் சாப்பிடுறன். பிறகு கதைப்பம்.”

அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். யசீகரன் அதற்குள் கனடாவில் இருக்கும் தன் தமக்கை யோகராணிக்குப் போன் எடுத்திருந்தான்.

“ஓமக்கா, நாங்கள் வெண்டுட்டம். முப்பது டீம். ஓம், முதலாவது. கொம்பியூட்டரிலை ஒரு வயர் அறுந்து கிடந்தது, அதை நான்தான் மிதிச்சுக் கண்டுபிடிச்சனான்.”

“அறுந்து கிடக்கேல்லை. தோல் உரிஞ்சு கிடந்தது” என்றாள் லோஜனா.

“தோல் உரிஞ்சு கிடந்ததாம்” என்று அவன் போனில் திருத்திச் சொல்லிவிட்டு, அவளுக்கென்று கதிரையை இழுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்து, அவன் மதியமே சமைத்து மூடி வைத்திருந்த இறால் குழம்பைத் திறந்தாள்.